பழைய காரும் அதன் பிறப்புச் சான்றும்



திருப்பதிக்கு வருகின்ற தமிழர் பெரும்பாலும் மலையை நினைத்தே வருகின்றனர். நாம் இன்று பேசப் புகுவது மலையைப் பற்றியன்று. மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் நாம் கண்ட ஒரு பழைய காரைப் பற்றி. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இதனால் பயன் உண்டு என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

நண்பர் ஒருவர் வேலூர்ப் பக்கத்தவர். பெங்களூரில் தொழில் செய்கிறவர். அவர் தந்தையார் ஒரு முதலாளியிடம் நெடுங்காலம் கார் ஓட்டியவர். ஓட்டிய வண்டி கான்டெசா. அந்த வண்டியின் முன்னிருக்கையில் ஆயுளின் பாதியைக் கழித்த பெரியவர், பின்னிருக்கையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அத்தகைய வண்டி ஒன்றை வாங்கித் தந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தாம் ஓட்ட வேண்டும் என்பது மகனின் ஆசை. திருப்பதியில் ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்வியுற்று, தந்தையையும் நம்மையும் உடன் அழைத்துச் சென்றார்.

அங்கு நடந்ததைக் கூறுமுன், பழைய காரில் அசல் என்றும் போலி என்றும் பேச்சு எவ்வாறு எழுந்தது என்பதைச் சிறிது காண்போம்.

அமெரிக்க நாட்டில் 1964இல் போன்டியாக் நிறுவனத்தார் தங்கள் நடுத்தர அளவு கார் ஒன்றில் பெரிய காருக்குரிய 6.4 லிட்டர் எஞ்சினைப் பூட்டி, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றனர். உடல் சிறிது, வலிமை பெரிது. இவ்வகை வண்டிகளைத் தசைவலிக் கார் என்னும் பொருள்பட மசில் கார் என்று அழைக்கலாயினர். முதல் ஆண்டிலேயே 32,450 ஜி.டி.ஓ.க்கள் விற்றன. ஆனால் 1964, 1965 ஆகிய ஈராண்டுகளிலும் ஜி.டி.ஓ. என்பது தனி வண்டியன்று; சாதாரண வண்டிக்கு மேல்விலை கொடுத்துப் பெறும் கூடுதல் அமைப்பே. ஆதலின் வண்டியெண்ணைப் பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. 1966இல் அது தனி வகையாக்கப்பட்ட பின்னரே, எண்ணின் தொடக்கத்தில் நிற்கும் 242 என்னும் மூன்று இலக்கங்கள் அதனை அடையாளம் காட்டின.

ஆண்டுகள் சென்றன, அவ்வண்டிகள் அருகின, விலை ஏறியது. 1971இல் பிளிமத் நிறுவனத்தார் ஹெமி எஞ்சின் பூட்டிச் செய்த மடக்குக்கூரை குடா கார்கள் ஒரு டஜனுக்கு மேற்படா. அவற்றுள் ஒன்று 2014இல் 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதே ஆண்டின் சாதாரண குடா தோற்றத்தில் ஏறக்குறைய அதுவே. இந்த இடைவெளியில்தான் போலி பிறக்கிறது. சாதாரண வண்டியை வாங்கிப் பெரிய எஞ்சினைப் பூட்டி, பெயர்ப்பட்டை ஒட்டி, வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. ஆனால் அந்நிறுவனத்தார் வண்டியெண்ணின் ஐந்தாம் இடத்தில் எஞ்சினைக் குறிக்கும் எழுத்தைப் பொறித்திருந்தனர். ஹெமிக்கு உரியது ‘ஆர்’ என்னும் எழுத்து. அது இல்லையேல், பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் வண்டி ஹெமி வண்டியாகப் பிறந்ததன்று. போன்டியாக் வண்டிக்கோ, தொழிற்சாலையின் விற்பனைப் பட்டியல் நகல்களே சாட்சி. அவற்றைக் காத்துவைத்து, கேட்போர்க்கு எடுத்துத் தருவதற்கென்றே அங்கு ஓர் அமைப்பு இருக்கிறது.

நம் நாட்டில் மசில் கார் என்று ஆர்வலர் செல்லமாக அழைப்பது கான்டெசாவைத்தான். 1984இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் வங்காளத்து உத்தரபாராவில் இதனைச் செய்யத் தொடங்கினர். அதன் உருவம் இங்கிலாந்தின் வாக்ஸால் காருடையது. உருவம் பெரிதாயினும், முதலில் அதில் இருந்தது அம்பாசடர் வண்டியின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினே. ஆளுக்கு ஏற்ற மூச்சு இல்லை என்று ஓட்டினவர் குறைப்பட்டனர். பின்னர் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்தன. கான்டெசா கிளாசிக் என்னும் பெயரும் வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. இன்று ஆர்வலர் தேடுவது இசுசு வண்டியை. விலை மிகுவதும் அதற்கே.

இனித் திருப்பதிப் பட்டறைக்குத் திரும்புவோம். வண்டி புதுப்பெண்போல் நின்றது. விற்பவர் தெலுங்கர்; நல்ல மனிதர்; தமிழும் பேசினார். “இசுசு எஞ்சின், அசல் வண்டி” என்றார். நண்பர் மனம் அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டது எனலாம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கியர்த் தண்டை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பின் இறங்கி வந்து, “புத்தகத்தைக் காட்டுங்கள்” என்றார்.

பதிவுப் புத்தகம் வந்தது. அதில் எஞ்சின் அளவு 1,489 என்று இருந்தது. “அண்ணா, புத்தகத்தில் உள்ள எஞ்சினுக்கு நாலு கியர்தான். இந்த வண்டியில் ஐந்து இருக்கிறதே” என்றார் பெரியவர், விற்பவரைப் பார்த்து. பட்டறை மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். எஞ்சின் எண்ணை ஒப்பிட்டோம், அதுவும் ஒவ்வவில்லை. விற்பவர் வியப்படைந்தது நடிப்பன்று. அவரும் அப்படியே நம்பி வாங்கியவர். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, யாரிடம் வாங்கியது என்பதற்கு ரசீது கேட்டோம். இல்லை. காயலான் கடையில் முறையாக வாங்கியதாகவும் இருக்கலாம். களவுபோன வண்டி ஒன்றின் இதயமாகவும் இருக்கலாம். சட்டப்படி, எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியின் இசைவு பெற்றுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அது செய்யப்படாத வண்டியை வாங்குபவர், தாம் செய்யாத பிழைக்குப் பிற்காலத்தில் விடை கூற நேரும். நாங்கள் வணக்கம் கூறி வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்று கற்றவற்றையும், பின்னர்ப் பல மேஸ்திரிகளிடம் கேட்டறிந்தவற்றையும் இங்குத் தொகுத்துக் கூறுகிறோம்.

முதலில் இரும்பைப் பேசவிடுங்கள். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் காந்தம் பற்றாது. பெயிண்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத்தான் பூசுவார். ஆதலின் டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியிலும் கதவுக் கீல்களின் உட்புறத்திலும் பழைய வண்ணம் எட்டிப் பார்க்கும். அது புத்தகத்தில் உள்ள வண்ணத்தோடு ஒத்துள்ளதா என்று காணுங்கள். பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாயிருக்க, மீட்டர் மிகக் குறைந்த கிலோமீட்டர் காட்டினால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

அடுத்தது எண். தொழிற்சாலை பொறித்த இலக்கங்கள் ஒரே ஆழமும் ஒரே உருவும் உடையவை. ஓர் இலக்கம் சாய்ந்தும், சுற்றியுள்ள இரும்பு அரம் ஓடியதுபோல் பளபளத்தும் இருந்தால் ஐயுறுக. எண்ணை அராவி அழித்தவர் தடயம் போயிற்றென்று எண்ணுவர். ஆனால் முத்திரை அடித்தபோது ஏற்பட்ட அழுத்தம் இரும்பின் உள்ளேயும் இறங்கியிருக்கும். தடய அறிவியல் கூடத்தார் தக்க அமிலக் கலவையைத் தடவி, அழிந்த எண்ணை மீண்டும் தோன்றச் செய்வதுண்டு. மனிதன் மறந்தாலும் இரும்பு மறப்பதில்லை.

மூன்றாவது ஏடு. இங்குதான் வெளிமாநிலத் தமிழர் மிக்க கருத்துடன் இருத்தல் வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கு மறுபதிவு செய்தல் வேண்டும். அதற்கு முதல் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அச்சான்றுக்குரிய 28ஆம் எண் படிவத்தில், சேஸிஸ் எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பதிவையும் ஒட்ட வேண்டும். எளிய வேலைதான்; ஆனால் எழுதுபவர் கையால் எண் மாறிப்போகாமல், இரும்பே தன் பெயரைத் தாளில் எழுதிக்கொடுக்கும் முறை அது. விலை பேசுமுன் நீங்களும் அவ்வாறு ஒரு பதிவு எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

சித்தூர்ச் சீமையின் பழைய வண்டிகளுக்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரியும்வரை சித்தூர் சென்னையோடு இருந்தது. திருத்தணிப் பகுதி 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆதலின் ஒரே வீட்டுக் கொட்டகையில் நின்ற ஒரு பழைய வண்டியின் ஏடுகள் பல அலுவலகங்களில் சிதறியிருத்தல் கூடும். எண் பழையதாகவும் வேற்று மாநிலத்ததாகவும் இருப்பது கொண்டு மட்டும் வண்டியைப் போலி என்று தள்ளிவிடலாகாது. கைமாறிய ஒவ்வொரு படியையும் கேளுங்கள். சங்கிலியில் அறுந்த கண்ணி எங்கேயென்று காணுங்கள்.

மத்திய அரசு 2021இல் பழமைச்சிறப்புடைய வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்ததாயும், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததாயும் இருத்தல் வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இருக்கும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலைக்குக் கொணரலாம். முதல் கான்டெசாவுக்கு 50 வயது நிறைவது 2034இல்தான். “விண்டேஜ் வண்டி” என்று கூறி அதனை இன்று விற்க முயல்வோர் சொல்லைக் கேட்டு மயங்க வேண்டா.

படி எடுப்பது பாவமா என்று சிலர் வினவுவர். அன்று. அரிய வண்டியின் உருவை விரும்பி, கைக்கு எட்டும் விலையில் ஒன்று செய்துகொள்வது ஆசைதான், குற்றமன்று. “இது படி, எஞ்சின் இன்ன இடத்தில் வாங்கியது, இதோ ரசீது, இதோ அதிகாரியின் இசைவு” என்று சொல்லி விற்பவர் நாணயஸ்தர். அதே வண்டியை அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் அது போலியாகிறது. பொய் இரும்பில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஆகவே ஆராய்ச்சிக்கு உரைகல் ஒன்றே: வண்டி, எண், ஏடு, விற்பவர் சொல் ஆகிய நான்கும் ஒன்றையே கூறுகின்றனவா என்பது.

நண்பர் ஆறு மாதம் தேடினார். கடைசியில் சித்தூரில் ஒரு வண்டி கிடைத்தது. இசுசு எஞ்சின் அன்று. பழைய 1,489 தான். வண்ணம் மங்கியிருந்தது. கியர் நான்கு. புத்தகத்து எண்ணும் இரும்பின் எண்ணும் ஒத்திருந்தன. பெரியவர் ஒருமுறை எஞ்சினை முடுக்கிக் கேட்டுவிட்டு, “இதுதான்” என்றார்.

வேலூர்ச் சாலையில் வண்டி மெல்லத்தான் சென்றது. லாரிகள் எல்லாம் தாண்டிப் போயின. பெரியவர் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். சிறிது தூரம் சென்றதும், “மூன்றாவது கியருக்கு மாற்றப்பா, பாவம், திணறுகிறது” என்றார் மகனிடம்.