விரிசலும் சொல்லும்: கலப்பு நார்ப் பொருள்களும் தோட்டத் தமிழும்



பொருளறிவியலின் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய கலைச்சொற்களை நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களின் பேச்சிலிருந்தே அமைக்கலாம் என்று காட்ட முற்படுகிறோம். ஒரு பொருளில் முன்பே விரிசல் இருக்கிறது. அது மேலும் ஓடாதவாறு அப்பொருள் எவ்வளவு எதிர்த்து நிற்கும்? இதுவே அக்கருத்து. ஆங்கிலத்தார் இதனை 'ஃபிராக்சர் டஃப்னஸ்' என்பர்.

வகுப்பறையில் 'உறுதி' என்னும் ஒரே சொல் நான்கு கருத்துகளைச் சுமக்கக் கேட்கிறோம். கீறலுக்கு இடந்தராமை வன்மை. எளிதில் வளையாமை விறைப்பு. பெரும்பளுவைத் தாங்குதல் வலிமை. விரிசலை ஓடவிடாமை நான்காவது. சன்னல் கண்ணாடி வன்மையும் விறைப்பும் உடையது. ஆயினும் சிறு கீறலிட்டு அழுத்தினால் அக்கோட்டிலேயே பிளந்துவிடும். இதன் காரணத்தை 1921இல் கிரிஃபித் என்னும் பொறியியலறிஞர் விளக்கினார். விரிசல் நீளும்போது பொருளில் தேங்கியிருந்த ஆற்றல் விடுபடுகிறது. புதிய பரப்புகளை உண்டாக்க அது போதுமானதாயின் விரிசல் தானே ஓடும். இத்திறனை மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அலகில் அளப்பர். கண்ணாடிக்கு அது 1க்கும் குறைவு; நல்ல எஃகுக்கு 50ஐயும் தாண்டும்.

இத்துறைக்கும் தோட்டங்களுக்கும் நேரான உறவு உண்டு. ரப்பர் கிழிவதை ஆற்றல் கணக்கால் விளக்கிய ரிவ்லின், தாமஸ் ஆகியோரின் கட்டுரை 1953இல் வெளிவந்தது. அவர்கள் பணியாற்றிய இங்கிலாந்து ஆய்வகம் மலாயா ரப்பர்மீது விதித்த தீர்வையால் நடந்தது. ஆகவே, பால்மரம் வெட்டிய கைகளின் உழைப்பும் அவ்வறிவியலுக்கு முதலாயிற்று. இயற்கை ரப்பரை இழுக்கும்போது விரிசலின் நுனியில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுங்கிப் படிகமாகின்றன. அதனால் கிழிசல் தடைப்படுகிறது.

பிற்காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களிற் பலவற்றில் செம்பனை வந்தது. பழம் உதிர்த்த வெற்றுக் குலையின் நாரைப் பிசினில் பதித்துப் பலகை செய்யும் முறையை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் புத்ரா பல்கலைக்கழகமும் ஆராய்ந்துள்ளன. அந்நாரோடு கண்ணாடியிழையையோ சணலையோ சேர்ப்பது கலப்பு நார்க் கூட்டுப்பொருள். இரண்டு நார் எதற்கு? கண்ணாடியிழை மிக்க வலிமையுடையது. ஆனால் 5 விழுக்காடு நீளுமுன் அறும். தேங்காய் நாரோ 15 விழுக்காட்டுக்கு மேலும் நீளவல்லது. ஒன்று பளுவைச் சுமக்க, மற்றொன்று விரிசலின் இரு கரைகளையும் பாலம்போல் பிணைத்து நிற்கும்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பிசினும் நாரும் மிக இறுகப் பற்றினால் விரிசல் இரண்டையும் ஒரே வெட்டாகக் கடந்துபோகும். பற்று மிகத் தளர்ந்தால் பளு நாருக்குச் சென்று சேராது. அளவான பற்றிருந்தால், நார் பிசினிலிருந்து உராய்ந்து உருவி வரும். அவ்வுராய்வில் விரிசலின் ஆற்றல் செலவழியும்.

இவற்றைச் சொல்லத் தமிழில் சொல்லில்லையா? நம் மக்கள் 'உடைந்தது' என்று பொதுப்படச் சொல்லி நின்றவர் அல்லர். குச்சி ஒடியும், கிளை முறியும், பானை உடையும், அப்பளம் நொறுங்கும், துணி கிழியும், கயிறு அறும், விறகு பிளக்கும், பட்டை உரியும். பொருளின் இயல்பும் அது சிதையும் வகையும் வினைச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. கூட்டுப்பொருளில் நிகழ்வனவும் இவையே: பிசின் விரிகிறது, நார் அறுகிறது, நார் உருவிவருகிறது, அடுக்கு பிளக்கிறது. எனவே பிசின் விரிசல், நாரறுதல், நாருருவல், அடுக்குப்பிளவு என்பன கலைச்சொற்களாகத் தகும். தலைப்புக் கருத்துக்கு 'விரிசல் தாங்குதிறன்' என்பதை முன்மொழிகிறோம். 'முறிவு' முடிவைக் குறிக்கும். இங்கு அளக்கப்படுவதோ முடிவை நோக்கிய ஓட்டத்துக்குள்ள எதிர்ப்பு. ஆதலின் 'விரிசல்' என்பதே பொருந்தும்.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 2003இல் நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன; பின்னர் மீண்டும் தமிழுக்கு வந்தன. மீண்டுவந்த பாடத்தைத் தெளிவாக நடத்தச் சொற்கள் வேண்டும். தோட்டங்களைவிட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஒடிதலையும் முறிதலையும் பிரித்துப் பேசிய முதியோரும் குறைந்து வருகின்றனர். அவ்வேறுபாடு மறைந்தால் கலைச்சொல்லுக்கான மூலப்பொருளும் மறையும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செம்பனை மட்டை, தேங்காய் நார், கண்ணாடித் துண்டு, ரப்பர் வளையம் ஆகியவற்றை வகுப்பில் மாணவர்முன் வையுங்கள். கண்ணாடியைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றவற்றில் சிறு வெட்டிட்டு இழுத்துக்காட்டுங்கள். எது எவ்வாறு சிதைகிறது என்று மாணவரையே சொல்லச் செய்யுங்கள். வீட்டு முதியோரிடம் கேட்டுவந்த வினைச்சொற்களை அவர்கள் எழுதிவைக்கட்டும். அப்பட்டியலே நல்ல கலைச்சொல் அகராதிக்குத் தொடக்கமாகும்.