நடந்து போகும் தூரம்

அவைத் தலைவர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, மீன் மார்க்கெட்டில் கடையைக் கட்டிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே,

சென்னை தினக் கூட்டங்களில் கோட்டையைப் பற்றிப் பேசுவார்கள், மெரினாவைப் பற்றிப் பேசுவார்கள். சிந்தாதிரிப்பேட்டை என்றால், மீன் வாங்கப் போகிற இடம் என்பதோடு முடித்துவிடுவார்கள். முடிக்கட்டும். நாம் 1734இல் தொடங்குவோம்.

அப்போது இங்கே கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். கிழக்கிந்தியக் கும்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டும், துணிக்கு நெசவாளி வேண்டும். கூவம் வளைந்து சுற்றி ஓடுகிற இந்த மண்ணில் சுங்குராமச் செட்டியாரின் தோட்டம் இருந்தது. கும்பெனியின் தலைமை வணிகராக இருந்து பதவி இழந்தவர் அவர். அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பெரிய மரங்கள். நிழலில் தறி போடலாம். பக்கத்திலேயே ஆறு, துணியை அலசலாம். இங்கே யார் குடியிருக்கலாம் என்றும் எழுதி வைத்தார்கள்: நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர், சாயம் போடுபவர், வெற்றிலை விற்பவர், கோயில் ஊழியம் செய்பவர்.

கவனியுங்கள், இந்தப் பட்டியலில் கனவான் ஒருவர்கூட இல்லை. உழைக்கிறவனை வேலைக்குப் பக்கத்தில் குடிவைப்பதற்காகவே கட்டிய பேட்டை இது. கும்பெனிக்காரன் தர்மத்துக்குச் செய்யவில்லை, லாபத்துக்குச் செய்தான். ஆனாலும் வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று நம்முடைய திட்ட அறிக்கைகளுக்கு அது மறந்துபோயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நெசவாளிக்காக உருவான ஊரில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டார்கள். அந்தப் பக்கம் சீயோன் ஆலயம். அங்கே நெடுங்காலம் போதகராக இருந்தவர் சத்தியநாதன். அவர் மனைவி அன்னாள் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். அந்தக் குடும்பத்தில் 1878இல் ஒரு பெண் வந்து தங்கினார். அகமத்நகரில் பிறந்தவர், வீட்டில் மராத்தி பேசியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தவர். பெயர் கிருபாபாய். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, மருத்துவராக முடியவில்லை. அதே வீட்டுப் பிள்ளை சாமுவேலை மணந்தார், ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அவரை வளர்த்ததில் இந்தப் பேட்டைக்கும் பங்கு உண்டு. கல்லூரிக்குப் பக்கத்தில் நம்பி ஒரு பெண் தங்குவதற்கு இங்கே இடம் கிடைத்ததே, அதற்குப் பெயர்தான் வசதி.

இந்தப் பேட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்தியாவில் ரயில் முதலில் ஓடியது பம்பாயில் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். பயணிகள் ரயில் சரி. ஆனால் அதற்கு முன்பே, 1836இல், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காகக் கொஞ்சம் தண்டவாளம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு ஒரு கல்வெட்டாவது வைக்கலாம். கூவத்தின் நாற்றத்தில் யாரும் நின்று படிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ!

இன்றைக்கு என்ன குறை நமக்கு? மே தினப் பூங்கா இருக்கிறது. நடந்தால் ரிச்சி தெரு. உருதுவும் இந்தியும் தெலுங்கும் தமிழும் ஒரே கடையில் பேரம் பேசும். பறக்கும் ரயில் இருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு மேல் கடற்கரைக்கும் நமக்கும் நடுவே ரயில் ஓடவில்லை. வேளச்சேரி ரயில்கள் இங்கேயே திரும்பின. அந்த நாட்களில் நம் ஸ்டேஷனுக்கு இருந்த மவுசே வேறு! ஆனால் கூடை தூக்குகிற அம்மா அந்த ஸ்டேஷன் படிகளை எப்படி ஏறுவார் என்று கேட்டால், ஷேர் ஆட்டோதான் பதில்.

இப்போது ஆற்றோரத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் கூவம் எப்படி ஏறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரையில் குடிசை இருக்கக்கூடாது என்கிறார்கள். எனக்கும் சம்மதம். வெள்ளத்தில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது யாருக்கும் உரிமையாகாது. ஆனால் ஆற்றைவிட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளிவைப்பது ஒன்று. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைப்பது வேறு. அங்கே லிஃப்ட் உண்டு, குழாய் உண்டு, மாடி வீடு உண்டு. விடியற்காலையில் காசிமேட்டு மீன் வந்து இறங்குகிற நேரத்துக்கு இங்கே வந்து சேர பஸ் உண்டா? ஐஸ் உடைப்பவரும், மீன் வெட்டிக் கொடுப்பவரும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவரும் அங்கே என்ன செய்வார்கள்? கிடைத்த வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, இங்கேயே வாடகைக்கு ஒண்டியிருப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இடமில்லை என்பார்கள். பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளை இடித்து, அதே இடத்தில் மாடிமேல் மாடியாகக் கட்டுகிறோமே, அதில் கூடுதலாக வருகிற வீடுகளில் ஒரு பங்கைக் கூவக் கரைக்காரர்களுக்கு ஒதுக்கட்டும். ஆற்றுக்கு நடுவே மேம்பாலத்துக்குத் தூண் நடத் தெரிந்த பொறியாளர்களுக்கு இது பெரிய கணக்கில்லை.

மாமன்ற உறுப்பினர் அவர்களே, பகுதி சபைக் கூட்டத்தில் வைப்பதற்கு ஒரு மனு எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, இந்த வீட்டு ஒதுக்கீடு. இரண்டு, பெரும்பாக்கத்திலிருந்து மார்க்கெட் நேரத்துக்கு ஒரு பஸ். மனு ஒலிபெருக்கிக்காரர் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மையும் இருக்கிறது.