வளரும் குதிரையின் கால்கள்

(குதிரை வளர்க்கும் குடும்பங்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் குதிரைக்குட்டி வாங்கிய குடும்பங்கள் இங்கே வந்திருக்கின்றன. மாப்பிள்ளை ஊர்வலம், கடற்கரைச் சவாரி, வண்டி என்று அந்தக் குட்டியை நம்பித்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரிய வேண்டும். குதிரையின் சம்பாத்தியம் அதன் கால்களில் இருக்கிறது. வளரும் வயதில் கால் கெட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அந்தக் குறை நிற்கும்.

குர்ஆனின் 100ஆவது அத்தியாயமான அல்ஆதியாத், மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. ஒட்டகத்தைப் பட்டினி போட்டு, ஓயாமல் வேலை வாங்கிய ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. வாயில்லா ஜீவன் நம்மிடம் ஓர் அமானத்.

பராமரிப்புத் தெரியாமல் குதிரையை இழப்பது நம் மண்ணில் பழைய கதை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் பக்கங்களிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏராளமாகப் பணம் கொடுத்து வாங்கியும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் பெரும்பாலான குதிரைகள் மாண்டன என்பது அவர் தரும் செய்தி.

முதலாவது, வயது. குட்டியின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக்கான மிருதுவான குருத்துப் பகுதி உண்டு. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள அந்தப் பகுதி இறுகுவதற்கு ஏறக்குறைய 2½ வயது ஆகிவிடும். முதுகெலும்பு முழுவதும் இறுக 5 வயதுக்கும் மேல் ஆகும். உயரம் வந்துவிட்டது என்று ஒன்றரை வயதுக் குட்டியின் மேல் ஆளை ஏற்றுவது, ஈரம் காயாத சுவரின் மேல் தளம் போடுவதைப் போன்றது. விற்பவர் சொல்லும் வயதை மட்டும் நம்பாதீர்கள், பல்லைப் பாருங்கள். முன்பற்களில் நடு இரண்டும் விழுந்து நிலைப்பல் முளைப்பது சுமார் 2½ வயதில். அடுத்தவை 3½ வயதில், ஓரப்பற்கள் 4½ வயதில் மாறும். நடுப்பல் மாறாத குட்டியைப் பூட்டாதீர்கள். 3 வயதில் இலேசான பழக்கம் போதும். முழு வேலை அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, தீனி. "கொழுகொழு என்று இருந்தால்தான் நல்ல குட்டி" என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. கொள்ளும் சோளமும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் குட்டி வேகமாக வளரும், எடை கூடும், இளம் எலும்பு அதைத் தாங்காது. முட்டிக்கு மேலும் கணுக்கால் மூட்டுக்கு மேலும் சூடான வீக்கம் தெரியும். சில குட்டிகளுக்குத் தசைநார் இறுகி, குதிப்பகுதி உயர்ந்து, குளம்பு நிமிர்ந்து நிற்கும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாது. இவை இரண்டையுமே நம்பி வளர்த்தால் எலும்பு பலவீனமாகும், முகம்கூட வீங்கும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. பேரிலேயே குதிரை இருக்கிறதே! தாது உப்புக் கலவை எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, குளம்பு. லாடம் அடிக்கும் நாளில்தான் குளம்பைப் பார்ப்பது என்று இருக்கக் கூடாது. குட்டிக்கு 1, 2 மாத வயதிலேயே குளம்பைப் பார்க்கத் தொடங்கி, 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை சீவி அரம் போட வேண்டும். ஒருபக்கம் தேய்ந்து மறுபக்கம் வளர்ந்தால் கால் கோணும். பிறந்த குட்டியின் கால் கோணலாக இருந்தால் முதல் சில வாரங்களிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். கணுக்கால் மூட்டுக் கோணலைத் திருத்தும் காலம் மிகக் குறுகியது. தினமும் குளம்பின் அடியைக் கிளறிச் சுத்தம் செய்யுங்கள். மூத்திர ஈரத்தில் நின்றால் உள்ளங்குளம்பின் பள்ளங்கள் அழுகி நாறும். கொட்டில் தரை காய்ந்திருக்க வேண்டும்.

குளம்பு சுடுவது, பின்னால் சாய்ந்து நிற்பது, ஒரு காலை ஊன்ற மறுப்பது ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை உண்டு. ஆணி குத்தினால் தாமதிக்க வேண்டாம். குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் வரும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. காய்ச்சிய இரும்பால் காலில் சூடு போடாதீர்கள். வலி ஊசி போட்டு ஊர்வலத்துக்கு ஓட்டிச் செல்வது ஜீவனுக்குச் செய்யும் அநியாயம். மேலே அமர்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆபத்து.

"தவணை வருகிறதே, குட்டியை எப்படிச் சும்மா நிறுத்துவது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்காகவே நிர்வாகக் குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. கடனில் வாங்கிய குட்டிக்கு 3 வயது நிறையும்வரை தவணை கேட்கமாட்டோம். வயதுக்கு மருத்துவர் பல் பார்த்துத் தரும் சீட்டு போதும். அதற்கு ஈடாக நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அதுவரை அதன் மேல் யாரும் ஏறக் கூடாது, வண்டியில் பூட்டக் கூடாது.

பொறுத்திருந்தால் அது 15 வருடம் உழைக்கும். அவசரப்பட்டால் 5 வயதில் நொண்டி நிற்கும்; கடன் மட்டும் நடக்கும். வல்ல ரஹ்மான் உங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! நம் கையில் உள்ள ஜீவன்களுக்கு நீதி செய்யும் மனதை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.