சுமைகூலியும் தவணையும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரேயொரு லொறியை வைத்துத் தொழில் நடத்துவோர் பல்லாயிரவர். சரக்கனுப்பும் பெருவணிகரை இவர்கள் நேரே அணுகுதல் அரிது. இடையிலே தரகர் நிற்கிறார். வணிகரிடம் ஒரு தொகையும் லொறிக்காரரிடம் அதனிற் குறைந்த தொகையும் பேசுகிறார். எஞ்சுவது அவர் ஊதியம்.

சுமையை இறக்கியவுடன் கூலி கைக்கு வருவதில்லை. கூலிப் பட்டியலும், சரக்கைப் பெற்றவர் ஒப்பமிட்ட சீட்டும் கிடைத்து 30 நாட்களின் பின் பணம் தருவதே தரகர் பலரின் வழக்கம். டீசலோ உடனே காசு கேட்கிறது. லொறிக் கடனும் காப்புறுதிக் கட்டணமும் காத்திரா.

இவ்விடைவெளியைக் கடக்க இரு வழிகள் உள. தரகரே சிறு கழிவை எடுத்துக்கொண்டு விரைவிற் பணம் தருவது ஒன்று. வரவேண்டிய கூலியை நிதி நிறுவனமொன்றுக்கு விற்றுவிடுவது மற்றொன்று. இதனைப் 'பாக்டரிங்' என்பர்.

2,000 டொலர் கூலிக்கு 3 வீதம் கழிவென்றால் 60 டொலர். சிறு தொகைதானே என்று தோன்றும். ஆனால், செலவெல்லாம் போக அப்பயணத்தில் மிஞ்சுவது 200 டொலரானால், இலாபத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கழிவாகிவிடுகிறது. 30 நாள் முந்திப் பெறுவதற்கான இவ்விலை, ஆண்டுக் கணக்கில் 36 வீதத்துக்கும் மேலாகும்.

ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் நோக்கவேண்டும். தரகர் பணம் கொடாவிடின் நட்டம் யாருடையது? ஒருவகை ஒப்பந்தத்தில், பெற்ற பணத்தை லொறிக்காரரே திருப்பவேண்டும். மற்றவகையில் நிறுவனம் நட்டத்தை ஏற்கும். ஆயினும் பெரும்பாலும் தரகர் முறிந்துபோனால் மட்டுமே. சரக்குச் சேதமென்று வழக்கெழுந்தால், பொறுப்பு மீண்டும் லொறிக்காரர் தலையிலேயே விழும்.

கூலி விற்கப்பட்டதென்ற அறிவித்தல் கிடைத்தபின், தரகர் நிறுவனத்துக்கே பணம் செலுத்தவேண்டும். தவறி லொறிக்காரரிடம் கொடுத்தால், நிறுவனத்துக்கு மறுமுறையும் செலுத்த நேரிடும்.

தரகர் ஒவ்வொருவரும் 75,000 டொலருக்குப் பிணை வைக்கவேண்டுமென 2012ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் அது ஒருவருக்குரிய பிணையன்று. பணம் பெறவேண்டிய அனைவருக்கும் பொதுவானது. கடன்கள் அதனை விஞ்சினால், ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியே கிட்டும்.

ஆகவே, சுமை ஏற்றுமுன் லொறிக்காரர் கேட்கவேண்டியவை மூன்று: கூலி எவ்வளவு? எந்நாளில் வரும்? வராவிடின் நட்டம் யாருக்கு? முதற் கேள்வியோடு நின்றுவிடுபவர், மற்ற இரண்டுக்கும் தம் இலாபத்திலிருந்தே விலை கொடுக்கிறார்.