அசையும் மலை



அசையாமைக்கு மலையை உவமை சொல்வது புலவர் வழக்கம். வகுப்பறையில் குறிஞ்சித்திணை கற்பிக்கும் நானும் அவ்வாறே சொல்லி வந்தேன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையாய் நிற்கும் மாட்டர்ஹார்ன் என்னும் ஆல்ப்ஸ் சிகரத்தைப் பற்றிப் படித்தபின் அவ்வுவமையைச் சொல்ல நாக்கூசுகிறது. நேரில் கண்டவள் அல்லேன், நூல்வழி அறிந்தவளே.

உயரம் 4,478 மீட்டர். அக்கூம்பு வடிவைச் செதுக்கியவை பனியாறுகள். அவை நாற்புறமும் அரித்தது போக எஞ்சியதே அச்சிகரம். அதனினும் வியப்பு அதன் கல். உச்சிப்பாறை ஒருகாலத்தில் ஆப்பிரிக்காவைச் சார்ந்திருந்த நிலத்தட்டுக்குரியது. அதன்கீழே கிடப்பதோ மறைந்துபோன கடலொன்றின் தரைப்பாறை. நெய்தலின்மேல் குறிஞ்சி ஏறி நிற்கிறது என்று மாணவியரிடம் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு குறித்துக்கொண்டார்கள்.

அடிவாரத்துச் செர்மாட் ஊரார்க்கு நெடுங்காலம் அஃது அஞ்சத்தக்க மலை. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் குழுவினர் எழுவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். இறங்குகையில் கயிறு அறுந்து நால்வர் மாண்டனர். அக்கயிறு அவ்வூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆயினும் வருவோர் பெருகினரேயன்றிக் குறையவில்லை. 1898இல் எதிரேயுள்ள கோர்னர்கிராட் முகட்டுக்குப் பற்சக்கர இரயில்பாதை வந்தது. ஏற இயலாதவரும் அங்கிருந்து சிகரத்தைக் காணலாம், பனிச்சறுக்கில் இறங்கலாம், ரிஃபெல் ஏரியில் தலைகீழாய்த் தெரியும் சிகரத்தைப் படம்பிடிக்கலாம்.

படிக்கையில் நான் நெடுநேரம் நின்றது ஒரு பெண்ணிடத்தில். 1867இல் இத்தாலியப் பக்கமாக ஏறிய ஃபெலிசிட்டே கரெல் என்னும் இளம்பெண் உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்ப நேர்ந்தது. காற்று அவள் பாவாடையைப் புடைக்கச் செய்ததே காரணம் என்பர். அவ்விடுக்குக்கு இன்று அவள் பெயர். 1871இல் லூசி வாக்கர் உச்சி தொட்ட முதற்பெண் ஆனார். அவரும் பாவாடை உடுத்தியே ஏறினார். தடுத்தது ஆடையா, அன்றைய காற்றா? வென்றவரைவிடத் திரும்பியவளே என் நெஞ்சில் நிற்கிறாள். அவளைப் பாடுவார் உண்டா என்று கவிஞர்களைக் கேட்கிறேன்.

பாறைப் பிளவுகளை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளுறைந்த பனி. 2003ஆம் ஆண்டுக் கடுங்கோடையில் அஃது இளகிப் பாறைகள் சரிந்தன. ஏறிக்கொண்டிருந்தோரை ஹெலிகாப்டரில் மீட்டனர். பின்னர் அறிஞர்கள் மலையில் கருவிகள் பதித்தனர். அவர்கள் 2021 இறுதியில் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணளவில், அம்மலை இப்புறமும் அப்புறமும் ஆடிக்கொண்டே இருக்கிறது.