கணக்கேட்டில் இல்லாத கடன்

(தொழில் முனைவோரும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நம்மவர் தொழில் தொடங்க வேண்டும். நம் பிள்ளைகள் வேலை தேடிக் கடல் கடக்கும் நிலை ஒழிய வேண்டும். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், தொழிலுக்குத் தலைமை தாங்குவோன் முதற்கண் கற்க வேண்டியது யாது? எது முதல், எது இலாபம் என்று பிரித்தறிவதே அப்பாடம். முதலைத் தின்று வாழ்பவனை வணிகன் என்று உலகம் சொல்லாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதல் யாது? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் தங்கி நிற்கும் நன்னீரே நம் முதல். ஆண்டுதோறும் பெய்யும் மழை அதற்கு வட்டி. வட்டிக்கு மேல் இறைப்போமாயின் கீழிருந்து உவர் மேலெழும். சுண்ணக்கல்லோ வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. ஒருவன் தன் வளவில் ஊற்றுவது அயலவன் கிணற்றிலே போய்ச் சேரும்.

சுன்னாகம் இதற்குச் சான்று. அனல் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது பற்றி 2015 ஆம் ஆண்டு அடிப்படை உரிமை மனு தாக்கலாயிற்று. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை இறுக்க வேண்டும் என்ற நெறியின்படி, மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணிக்கப்பட்டது. கிணற்றிற் சேரும் எண்ணெயை எவரும் தம் கணக்கேட்டிற் கடனாக எழுதுவதில்லை. ஆயினும் கடன் கடனே. அதை நீதிமன்றம் எழுதுவிக்க நான்காண்டுகள் சென்றன. இதற்கிடையில், சொந்தக் கிணறு இருந்தும் பவுசர் நீரை எதிர்பார்த்து நின்ற குடும்பங்களை நாம் அறிவோம்.

அரசின் அனுமதி கையிலிருந்தாற் போதும் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் எப்பாவல வழக்கைப் படிக்க வேண்டும். அங்கு பொசுபேற்று அகழ்வதற்கு வெளிநாட்டுக் கம்பனிகளுடன் ஒப்பந்தம் செய்ய முற்பட்டது அரசேயாகும். அவ்வூர் மக்கள் வழக்குத் தொடுத்தனர். மக்களின் வளங்களுக்கு அரசு காவலனே என்று 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் விளக்கியது. சட்டபூர்வமான தொழில் செய்யும் உரிமை அவ்வூரவருக்கும் உண்டென ஏற்றது. அரசே காவலன் எனின், நாம் யாவர்? நாமும் காவலரே.

ஆகவே, பழியைக் கம்பனிகள்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவின்றி இடும் பசளை நைத்திரேற்றாக நிலத்தடி நீரில் இறங்குகின்றது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டுத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதனைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பால் கைக்குழந்தைக்குக் கேடு.

தொழில் முனைவோர் மூன்று வழக்கங்களைப் பழகுதல் வேண்டும். ஒன்று: மாரிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை வரவு செலவுக் கணக்குடன் எழுதி வைத்தல். இரண்டு: கழிவகற்றும் செலவையும் உற்பத்திச் செலவிற் சேர்த்தே விலை குறித்தல். அவ்விலைக்கு விற்க இயலாத தொழில் இலாபத் தொழிலாகாது. மூன்று: திட்டத்தை அயலாருக்கு முன்கூட்டியே விளக்கி, அவர் கேள்விகளுக்கு விடை கூறல். நீதிமன்றிலே விடை கூறுவதிலும் அது மலிவு. இதைச் சொல்வது சட்டத்தரணியாகிய எனக்கு நட்டமே. ஆயினும் உண்மை அதுதான்.

இங்குள்ள பொறியியலாளரும் கணக்காளரும் விவசாயப் பட்டதாரிகளும் தம் கல்வியை அலுவலகத்தோடு நிறுத்திவிடலாகாது. மண்ணைச் சோதித்துப் பசளையை அளந்திடக் கமக்காரருக்கு உதவுங்கள். கமக்காரப் பெருமக்களே, நீங்களும் தயங்காது அவர்களைக் கேளுங்கள்.

நீதிமன்றம் இழப்பீடு வழங்கலாம். கெட்ட கிணற்றை மீட்டுத்தர அதனால் இயலாது. பேரப்பிள்ளைகளுக்குக் காணி உறுதி எழுதிவைக்கின்றோம். அக்காணியில் வாயில் வைக்கத்தக்க நீரும் இருந்தாலன்றோ அந்த உறுதிக்குப் பொருளுண்டு?