இளையோர் மனமும் அதனை அளக்குங் கோலும்
(நமது சங்க மாதக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



சர்வகலாசாலையிற் பயிலும் பிள்ளைகளின் மனநிலையை அளக்குமாறு எங்ஙனம் என்பதே யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். மனத்தை மரக்காலிட்டு அளக்கலாகுமோ என நீங்கள் நகைத்தல் கூடும். சற்றே செவிசாய்த்தருள வேண்டுகின்றோம்.

அமெரிக்க மனநூற் புலவராகிய ஜெப்ரி ஆர்னெட் என்பார், 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்து, 18 வயது முதல் 25 வயது வரையுள்ள காலம் பிள்ளைப்பருவமுமன்று, முதிர்பருவமுமன்று, தனியொரு பருவமே என நாட்டினார். கல்வி நீண்டு, மணமும் நிலைத்த தொழிலும் பிற்பட்டமையே அதற்குக் காரணமென்றார். நம் பாட்டியல் நூலோரும் ஆண்மகனை 30 வயது வரை விடலை என்றும், அதன்பின்னரே முதுமகன் என்றும் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

2007-ஆம் ஆண்டில் ஆலன் ரீப்மன், மலிண்டா கால்வெல் என்பாருடன் கூடி, ஆர்னெட் அப்பருவ அநுபவத்தை அளத்தற்கு 31 வினாக்களமைந்த ஒரு கோலை வெளியிட்டார். ‘சிறிதும் உடன்படேன்’ என்பது முதல் ‘முற்றும் உடன்படுவேன்’ என்பது ஈறாக விடை நான்கு. அவற்றிற்கு 1 முதல் 4 வரை எண்ணிட்டுப் பகுதிதோறும் சராசரி காண்பர். பகுதிகள் ஆறு: தான் யாரெனத் தேடல், பல வழிகளை முயன்று நோக்கல், நிலையின்மையும் கலக்கமும், தன்மேற் கருத்து, பிறர்பாற் பொறுப்பு, சிலவற்றிற் பெரியவன், சிலவற்றில் அல்லன் என்னும் இடைநிலையுணர்ச்சி.

இவற்றுள் பல வழி நோக்கலும் கலக்கமும் வெவ்வேறாக அளக்கப்படுதலைக் கருதுமின். ஒரே பிள்ளை இரண்டிலும் மிகுந்த எண் பெறலாம். கலங்குவோன் நம்பிக்கையற்றவன் என நாம் கொள்வது பிழையாம்.

அப்பிழையை யாமே செய்தோம். எம் மகன் கல்லூரியில் இரண்டாமாண்டிற் கணிதம் விடுத்து வேறு பாடம் பயில விழைந்தபோது, ‘நிலையற்ற புத்தியன்’ எனக் கடிந்தோம். மூன்று திங்கள் அவன் எம்மோடு சரியாகப் பேசிற்றிலன். பின்னர் ஒருநாள் அருகழைத்து வினவ, “அப்பா! எனக்கு வழி தெரியாமலில்லை; வழிகள் பல தெரிகின்றன. அதனாலேயே உறக்கமில்லை” என்றான். பிறர் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு பாடஞ்சொல்லிய யாம் எம் பிள்ளையை வினவாதிருந்தமைக்கு நாணினோம்.

எனினும் இக்கோல் பரீட்சையன்று. இதில் தேறுதலுமில்லை, தவறுதலுமில்லை. நோய் காட்டுங் கருவியுமன்று. அமெரிக்க இளையோரை நோக்கி அமைத்தது. தங்கையர் மணத்தையும் தந்தையின் கடனையும் நினைந்தே பயிலும் நம் பிள்ளைகள் பலராதலின், அவர் விடையை அந்நாட்டார் விடையோடு அப்படியே ஒப்பிடலாகாது.

ஆதலின் பெற்றோர்களே! மகனுக்கோ மகளுக்கோ மணமும் உத்தியோகமும் முடிவுசெய்யுமுன், அவர் உள்ளத்திலிருப்பதை ஒருமுறை வினவி, விடை முடியுங்காறும் பொறுத்துக் கேண்மின். இதுவே எம் வேண்டுகோள்.